கதவுக்குச் சொன்ன நோ

அவரின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் சேமக்காலை மண்ணுக்குள் கிடந்தபடியே சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். மாமி என்றே சொல்கிறேன். என் மனுசி ஜெசிந்தாவைப் பெற்றவர். பேசாலையில் எங்கள் வீட்டில், ஒரே கூரைக்குக் கீழ், எனக்கு எத்தனையோ வருசம் சமைத்துப் போட்டவர். அத்தனை வருசத்திலும் என் முகத்தைப் பார்த்து அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

கோபதாபம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களில் சில மாமிமார் மருமகனுக்கு முன்னால் வந்து நிற்கமாட்டார்கள், நேரே கதைக்கமாட்டார்கள். மரியாதையாம். பேரப்பிள்ளை பிறந்ததோடு மற்றவர்கள் அதைக் கைவிட்டுவிடுவார்கள். மாமி விடவில்லை. எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று, கதவுப் பலகையைப் பார்த்துச் சொல்வார். அதையும் தன் வாயால் சொல்வதுபோலச் சொல்லமாட்டார். வேறு யாரோ சொல்லிவிட்ட செய்தியைக் கொண்டுவந்து இறக்கிவைப்பதுபோலச் சொல்வார்.

"சோறு ஆறுதாம்."

"பிள்ளையளுக்குக் கொப்பி வேணுமாம்."

நான் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி ஓம் என்பேன். கதவு அதைக் கேட்டுக்கொள்ளும். ஜெசிந்தா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் பெரிய ஆட்கள் என்று மாமியும் நானும்தான். நடுவில் அந்தக் கதவு. அடிப்பலகையில் கறையான் தின்ற ஒரு ஓட்டை இருந்தது. கதைக்கும்போது அதற்குள்ளால் மாமியின் கால்விரல்கள் தெரியும். எனக்குத் தெரிந்த மாமியின் முகம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கலியாணப் படத்தில் அவரைத் தேடினால் ஒரு முழங்கை கிடைக்கும். படக்காரன் கூப்பிடக் கூப்பிடத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியதில் அதுவும் ஒரு காப்பும் வெளியே மிஞ்சிவிட்டன. அவர் சாப்பிட்டு நான் கண்டதில்லை. உள்ளுடுப்பைக் கொடியில் போட்டால் அதற்கு மேல் ஒரு துவாய், அந்தத் துவாய்க்கு மேல் இன்னொரு துவாய் போடுவார். வெயில் பாவம், என்ன செய்யும்? பாவசங்கீர்த்தனத்தில்கூட மாமி முணுமுணுப்பது கேட்காமல், "சரி அம்மா, ஆண்டவருக்குத் தெரியும்" என்று சுவாமியார் மன்னிப்பைக் கொடுத்து அனுப்பிவிடுவாராம். கருவாட்டு வாடிப் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வாடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாமியில் பாதியைத்தான் சொன்னதாகும். அவர் அங்கேதான் வேலை செய்தார். மீனை வகிர்ந்து, உப்புப் போட்டு, பழைய வலை விரித்த பரணில் பரப்பி, வெயில் ஏற ஏறத் திருப்பிப் போடுகிற வேலை. ஒருநாள் அந்த வழியாக என் ஓட்டோவில் வாடகைக்கு ஒரு ஹயர் கொண்டுபோனேன். தென்பகுதி வியாபாரி ஒருவரை நடு வெயிலில் நிறுத்திவைத்து, அவர் கொண்டுவந்த தராசையும், அவரையும், அவரைப் பெற்ற ஊரையும் சேர்த்து ஒரு பொம்பிளை உரித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நல்ல வாய்தான் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துப் பார்த்தால், மாமி. என்னைக் கண்டதும் சத்தம் அறுந்தது. மறைக்க வேறொன்றும் அகப்படாமல் கையில் இருந்த பாரைக் கருவாட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானம் கதவு, "குழம்பில உப்புக் கூடிப்போச்சுதாம்" என்று மட்டும் சொன்னது.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாயைப் பூட்டுகிற பூட்டு நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

மாமியின் உடம்பு நோ எப்போது தொடங்கியதென்று எனக்குத் தெரியாது. அது அவரின் கெட்டித்தனம். நான் முதலில் கண்டது செபமாலை விழுவதை. தவக்காலத்தில் கோயில் வளவுக்குள் சிலுவைப்பாதை நடக்கும். ஒவ்வொரு தலத்திலும் சனம் நின்று செபிக்க, மாமியின் கையிலிருந்து செபமாலை மணலில் விழும். குனிவார். எடுக்கச் சுணங்குவார். மணலைத் தட்டி, மணி மணியாக ஊதித் துடைத்து, செபம் முடியும்வரை குனிந்தே நிற்பார். நிமிர்ந்து அடுத்த தலத்துக்கு நடந்தால் மறுபடியும் விழும். பூசையிலும் அதே கதைதான். சுவிசேஷத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க, மாமியின் செபமாலை வாங்குப் பலகைக்குக் கீழே போய்விடும். வயசு போகுது, கை நடுங்குது என்று சனம் கதைத்தது.

வாடியில் அவர் கையிலிருந்து ஒரு சூடை மீன் குஞ்சுகூட விழுந்ததில்லை. அங்கே நாள் முழுக்கக் குனிந்த வேலை. குனிந்தால் நோ விடும், நிமிர்ந்து நின்றால் பிடிக்கும் என்ற சூட்சுமம் மாமிக்கு மட்டும் தெரிந்திருந்தது. மற்றவர்கள் கண்டது வேறு. வேலைக்கு வந்தால் சுகம், கோயிலுக்குப் போனால்தான் நோவோ என்று பகிடி பண்ணினார்கள். அந்தப் பகிடி அவரைச் சுட்டிருக்க வேண்டும். கொஞ்ச நாளில் கடைசி வாங்குக்குப் போனார். பிறகு அதுவும் இல்லை, கோயில் வெளிப்படியில் கால்களை மடக்கி இருந்துகொண்டு பூசை கண்டார்.

அந்த நாட்களில் ஒருநாள்தான் கதவு சொன்னது, "முழங்கால் கொஞ்சம் நோகுதாம்" என்று.

நோ இருந்தது முழங்காலில் இல்லை. அது வலப்பக்கப் பின்புறத்தில், நாங்கள் கதிரையில் குந்தி இருக்கிற இடத்தில் தொடங்குகிற நோ. அந்த இடத்தை மாமி எந்த வாயால் சொல்வார்? மருமகனுக்கா? மகன் வயசுகூட இல்லாத டொக்டருக்கா? மரியாதையாகச் சொல்லக்கூடிய கிட்டின இடம் முழங்கால். அதைச் சொல்லிவிட்டார். சொன்னதை மாற்றவும் வெட்கம். எனக்கு அப்போது இதொன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நம்பர் துண்டு எடுத்து, வரிசையில் இருத்தி, பேர் கூப்பிட்டதும் நானும் கூடவே உள்ளே போவேன். பொறுப்பான மருமகன் அல்லவா! மாமி தரையைப் பார்த்துக்கொண்டு முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். டொக்டர் அதை மடித்து நீட்டிப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பிப்பார், வயசுக்குரிய தேய்வு இருக்குது என்பார். இருக்கத்தானே செய்யும். வேறெங்கும் நோ இருக்கிறதா, முதுகில் இருக்கிறதா என்று கேட்காத டொக்டர் இல்லை, அவர்களைக் குறை சொல்லக்கூடாது. மாமி இல்லையென்று தலையாட்டுவார். பின்னால் நின்று நானும் இல்லையென்று தலையாட்டுவேன், எனக்கு ஏதோ தெரிந்தமாதிரி.

அதற்குப் பிறகு அந்தக் குற்றமில்லாத முழங்காலுக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. குளிசை வாங்கிக் கொடுத்தேன், பிள்ளைகள் எண்ணெய் பூசி வெந்நீர் ஒத்தடம் பிடித்தார்கள். அரிப்பு ஊர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பத்துப் போடுவித்தேன். கறுப்பு நிறத்தில் முழங்கால் பட்டி ஒன்று வாங்கிக் கதவு இடுக்கால் நீட்டினேன். மாமி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பட்டியை நித்திரைக்கும் கழற்றவில்லை. நோ மட்டும் தன்பாட்டில் வேறு இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

குவைத்திலிருந்து ஜெசிந்தா வீடியோவில் வந்து, "அம்மா, உண்மையா முழங்கால்தானோ?" என்று ஒருநாள் துருவிக் கேட்டாள். மாமி ஓம் என்றார். பின்னே என்ன சொல்வார்? போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

பிறகு ஒருநாள், கறையான் ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வித்தியாசம் கண்டேன். கதைக்கிறபோது மாமியின் கால் பெருவிரல்கள் இரண்டும் மேலே எழும்பி எழும்பி விழும். அவரின் வாய்க்கும் அந்த விரல்களுக்கும் ஏதோ சம்பந்தம் இருந்தது. இப்போது இடது விரல் மட்டும் எழும்பியது. வலது விரல் செத்த மீனாகக் கிடந்தது. கண்டேன், விட்டுவிட்டேன். மாமியின் காலை உற்றுப் பார்த்ததே சரியில்லை என்று பார்வையை எடுத்துக்கொண்டேன்.

அதே கிழமை, சிலுவை நிற்கிற குருசடி மூலையில், றோட்டு நடுவில், ஒற்றைச் செருப்புக் கிடந்தது. மாமியின் வலது செருப்பு. அது கழன்றதே தெரியாமல் கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு அவர் வீடுவரை நடந்திருக்கிறார். எடுத்துவந்து குசினி வாசலில் வைத்தேன். "செருப்பு றோட்டில கிடந்தது" என்றேன். "ஓமாம்" என்றது கதவு. அதற்குப் பிறகு அவர் நடையில் ஒரு சத்தம் வந்தது. ஒரு கால் வழக்கம்போல மெத்தென்று வைக்கும். மற்றது நுனியைத் தூக்க முடியாமல் தப் என்று நிலத்தில் அடிக்கும்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கே நா கூசுகிறது. மாமி கேட்டால் மன்னிப்பாரோ தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்து அவரை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். இறங்கி, சீலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தப் தப்பென்று அவசரமாக உள்ளே போனார். திரும்பிப் பார்த்தால் பின் சீற் நனைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்க, கதவு சொன்னது.

"தண்ணிப் போத்தில் ஊத்துப்பட்டுட்டுதாம்."

அன்றைக்கு ஓட்டோவில் போத்தல் இருக்கவில்லை. "ஓம்" என்றேன். போய் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டேன். நித்திரை என்று அவர் நினைக்க வேண்டும் என்பதற்காகக் குறட்டையும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. தப். தப். சம்போ பக்கற் கிழிகிற சத்தம். மாமி என் ஓட்டோ சீற்றைக் கழுவுகிறார். ஒரு தரம் கழுவி, மணந்து பார்த்திருக்க வேண்டும், மறுபடியும் கழுவினார். மருமகன் முன்னால் நிழல்கூட விழாமல் வாழ்ந்த மனுசி. எழும்பி, விடுங்கோ மாமி நான் கழுவுறன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் குறட்டை விட்டுக்கொண்டே படுத்திருந்தேன். கண்ணுக்குள்ளால் தண்ணீர் காதுக்கு ஓடியது.

பின்னேரம் எருக்கலம்பிட்டிக்கு ஒரு ஹயர். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நேர்ஸ் அக்கா ஒருவர், கன நாளாக என் ஓட்டோவில்தான் போய்வருவார். கண்ணாடியைப் பார்க்காமல், றோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். தெரிந்த ஒரு ஆளுக்கு முழங்கால் நோவாம், செருப்புக் கழன்றதும் தெரியாதாம், சிறுநீர் போவதும் தெரியவில்லையாம், முழங்கால் நோவில் அப்படியும் வருமா என்று. அக்கா ஓட்டோவை ஓரங்கட்டச் சொன்னார்.

"முழங்கால்ல அப்படி வராது தம்பி. இது முள்ளந்தண்டில நரம்பு நெரிபடுற வேலை. ஒண்டுக்குப் போறது தெரியல்ல எண்டா நாளைக்கு எண்டு வைக்க ஏலா. இண்டைக்கே கொண்டுபோங்க, இல்லாட்டி இடுப்புக்குக் கீழ ஒண்டும் மிஞ்சாது."

ஆள் யார், உங்கட வீடா என்று கேட்டார். நான் இல்லையென்று சொன்னேன். அந்த நேரத்திலும் இல்லையென்றுதான் சொன்னேன், பாருங்கள். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மிச்சத் தூரம் நடப்பேன், நீங்கள் திரும்புங்கள் என்று இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, நானாகப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன். எப்போதும் அது என்னைக் கூப்பிடும். இன்றைக்கு நான் அதைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இப்போதே வெளிக்கிட வேண்டும் என்றேன்.

"முழங்கால் இப்ப சுகமாம்."

"முழங்காலுக்கு இல்லை" என்றேன்.

ஓட்டைக்குள்ளால் அந்த விரல்கள் பின்வாங்கிப் போயின. கன நேரம் கழித்துச் சீலை மாற்றுகிற சரசரப்புக் கேட்டது. சீற்றில் ஏறமுன் மடித்த துவாயொன்றைப் போட்டு, அதன்மேல் இருந்துகொண்டார். மன்னார் ஆஸ்பத்திரி வரைக்கும் றோட்டைப் பார்த்து ஓட்டினேன். வாய் திறந்தால் எதைக் கதைப்பது?

அவசர சிகிச்சை அறையில் மீசை சரியாக முளைக்காத ஒரு டொக்டர் இருந்தார். என்னம்மா செய்யுது என்று கேட்டார். நான் கும்பிட்ட தெய்வத்தையெல்லாம், மாமி சொல்லிவிட வேண்டும் என்று மன்றாடினேன். மாமி குனிந்து, பட்டி போட்ட முழங்காலைத் தொட்டார்.

"முழங்கால்" என்றார்.

"முழங்கால் இல்லை டொக்டர்." இது என் குரல். "அவவுக்கு ஒண்டுக்குப் போறது தெரியேல்லை. இண்டைக்கு என்ர ஓட்டோ சீற்றில..."

மாமி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நேரே, கண்ணுக்குக் கண். அதுதான் முதல்தடவை. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருந்தது வெட்கம் மட்டும். ஊர் முழுக்க அந்த அறைக்குள் வந்து நின்று பார்ப்பதுபோல ஒரு வெட்கம். எழும்பி வெளியே வந்தேன். வந்து கதவைச் சாத்தினேன்.

ஏன் சாத்தினேன் என்று யோசித்துச் செய்யவில்லை. அந்த வெட்கத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். உள்ளே டொக்டர் ஏதோ கேட்பது கேட்டது. பிறகு அந்தச் சத்தம், தப், தப், கதவை நோக்கி வந்தது. வந்து, கதவுக்கு மறுபக்கத்தில், எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மாமி கதவோடு கதைக்கத் தொடங்கினார்.

"இருக்கிற இடத்திலதான் தொடங்குதாம். வலப்பக்கம். தொடைக்குப் பின்னால இறங்கி, காலின்ர வெளிப்பக்கத்தால போய், பாதத்துக்கு மேல ஏறிப் பெருவிரலில நிக்குதாம். நிமிந்து நிண்டா கொல்லுதாம். குனிஞ்சா விடுதாம். இப்ப கொஞ்ச நாளா உள்ளுக்கெல்லாம் மரத்துப் போச்சுதாம். இருக்கேக்க இருக்கிறதும் தெரியேல்லையாம்."

வாடியில் கேட்ட அதே குரல். ஒரு சொல்லும் விழுங்கவில்லை. வாங்கில் இருந்த சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ஆருக்கு அம்மா?" என்று டொக்டர் குழம்பிப்போய்க் கேட்டார்.

நான் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு" என்றார் மாமி. "எனக்குத்தான் ஐயா. ரெண்டு தவக்காலமா."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. அன்று இருட்டமுன்னமே அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மாமி ஒரு பக்கமாகச் சரிந்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்தார். நான் தலைமாட்டில், அவர் முகம் தெரியாத பக்கத்தில் இருந்தேன். இலுப்பைக்கடவை தாண்டும்போது அம்புலன்சின் தகரச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மகளுக்குச் சொல்ல வேண்டாமாம்."

"எதை?" என்று கேட்டேன், மடையன்.

"சீற்."

"ஓம்" என்றேன்.

ஸ்கான் எடுத்து, சத்திரசிகிச்சை டொக்டர் எனக்கு வடிவாக விளங்கப்படுத்தினார். முள்ளந்தண்டு எலும்புகளுக்குப் பின்பக்கத்தில் சோடி சோடியாகச் சின்ன மூட்டுகள் இருக்கின்றனவாம். முழங்காலில் இருப்பதுபோல அவற்றுக்குள்ளும் வழுவழுப்பான நீர் இருக்கிறதாம். மூட்டுத் தேய்ந்தால் சில பேருக்கு அந்த நீர் ஒரு பையாகப் பிதுங்கி உள்ளுக்கு வளருமாம். பழைய ரயரில் பலவீனமான இடத்தில் பொக்களம் தள்ளுமே, எனக்கு அது உடனே விளங்கியது. அந்தப் பை காலுக்குப் போகிற நரம்பை நெரிக்கிறது. நிமிர்ந்தால் இடம் ஒடுங்கும், நோகும். குனிந்தால் இடம் விரியும், சுகம். ஒரு கடலைப் பருப்பளவு பைதான். எப்போதோ சொல்லியிருந்தால் பையை எடுக்கிற சத்திரசிகிச்சையை ஆறுதலாகச் செய்திருக்கலாம், அவசரமாகச் செய்ய வேண்டி வந்துவிட்டது என்றார். நோ போய்விடும், சிறுநீர் விசயம் மெல்ல மெல்லச் சரிவரும், பாதத்துக்குத்தான் வாக்குத் தரமாட்டேன் என்றார்.

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. நோ விட்ட இடம் தெரியாமல் போனது. மற்றதும் சில மாதத்தில் சரிவந்தது, கொடியில் துவாய்கள் பழையபடி இரண்டாகக் குறைந்ததில் எனக்குத் தெரிந்தது. பாதம் மட்டும் எழும்பவில்லை. கோயிலில் மாமி பழைய இடத்துக்கு வந்தார். சுவிசேஷத்துக்கு எழுந்து, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, தென்னை மாதிரி நிமிர்ந்து நின்றார். ஆனால் நற்கருணைக்குப் போகிற அமைதியில் கோயில் முழுக்க அந்தத் தப் தப் கேட்கும். அவர் போவதை நிறுத்திக்கொண்டார். விசயம் தெரிந்து சுவாமியாரே அவர் இருக்கிற வாங்குக்கு வந்து கொடுத்தார். அதற்கும் வெட்கப்பட்டார்.

வீட்டில் அதைவிட மோசம். நான் வீட்டில் இருக்கும்வரை மாமி நடக்கமாட்டார். நான் படலையைத் திறக்கும்போது அவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஒருநாள் நான் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, போன் பார்த்து முடியும்வரை அடுப்படியில் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறார். எனக்கு அந்தச் சத்தம் கேட்கக்கூடாதாம். எனக்கும் அது கேட்கக்கூடாதுதான். அந்தத் தப் ஒவ்வொன்றும், கறையான் ஓட்டைக்குள்ளால் நீயும்தானே கண்டாய் என்று என்னைக் கேட்டது. ஆனால் ஒரு மனுசி சொந்த வீட்டில் சட்டியோடு அசையாமல் நிற்பதை எத்தனை நாளைக்குப் பார்ப்பது?

அதனால் ஒரு வேலை செய்தேன். வீட்டுக்கு வரும்போது குருசடி மூலையில் திரும்புமுன் இரண்டு தரம் ஹோன் அடிக்கத் தொடங்கினேன். அது கேட்டு, நான் படலைக்கு வருவதற்குள், மாமி நடந்துபோய்க் கதிரையிலோ பாயிலோ வசதியாக இருந்துவிடுவார். வீட்டுக்குள் வந்ததும் றேடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுவேன். அந்தச் சத்தத்துக்குள் அவர் நடமாடலாம். நாங்கள் இதைப் பற்றி ஒரு சொல் கதைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் போனபின் கதவுதான் கேட்டது.

"மூலையில ஹோன் அடிக்கிறது என்னத்துக்காம்?"

"கழுதை நிக்குது" என்றேன்.

மன்னார் ரவுணில்தான் கழுதைகள் றோட்டில் படுத்துக் கிடக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு கழுதையும் இல்லை. அது மாமிக்கும் தெரியும். கதவு கொஞ்சம் யோசித்தது.

"ஓமாம். இப்ப கழுதையள் கூடிப்போச்சுதாம்" என்றது.

மாமி ஒரு மார்கழியில் காய்ச்சலாகப் படுத்து, ஒருவரையும் கரைச்சல்படுத்தாமல் போய்ச் சேர்ந்தார். பெட்டியில் வைத்தபோது பாதங்களைச் சீலையால் மூடச் சொன்னேன். ஜெசிந்தா குவைத்தை விட்டு வந்துவிட்டாள். தாய்க்கு முதுகில் கட்டி எடுத்தது தெரியும், கால் இழுத்தது தெரியும். சீற் விசயம் தெரியாது. உங்களுக்குச் சொன்னதை அவளுக்குச் சொல்ல மாட்டேன், நீங்களும் மாமியின் பேரைத் தேடாதீர்கள்.

குசினிக் கதவு கறையான் தின்ற கதவாம், கழற்றிவிட்டு வேறு போட வேண்டுமாம். ஜெசிந்தா கிழமைக்கொரு தரம் சொல்கிறாள். பார்ப்போம் என்கிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவள் பின் சீற்றில் இருந்தாள். குருசடி மூலை வந்தது. என் கை தன்பாட்டில் போய் இரண்டு தரம் ஹோன் அடித்தது. அவள் எட்டி ஒழுங்கையைப் பார்த்தாள்.

"ஒரு குஞ்சு குருமானும் இல்லை. ஆருக்கு அடிக்கிறியள்?" என்று கேட்டாள்.

"கழுதை நிண்டது" என்றேன்.